எண்ணில் பிறந்த இசை – 9: எந்த ட்ராக்கர்?

சென்ற இதழில் ஃபேர்லைட், எமுலேட்டர் முதலான சாம்பிளர்களைப் பார்த்தோம். நிஜ ஒலியைப் பதிந்துகொண்டு அதையே கட்டைகளில் வாசிக்கவைக்கும் கருவிகள் அவை. பெரிய ஸ்டுடியோக்களுக்கும் பெயர்பெற்ற பாடகர்களுக்கும் மட்டும் கட்டுப்படியாகிற விலை. அதே வித்தையைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் வீட்டில் உட்கார்ந்து, ஏறக்குறைய செலவில்லாமல், செய்ய ஆரம்பித்தது எப்படி என்பது இந்த இதழின் கதை. அதோடு சேர்ந்து, இருபது வருடம் ஓயாமல் நடந்த ஒரு சண்டையின் கதையும்: எந்த ட்ராக்கர் நல்ல ட்ராக்கர்?

1985 ஜூலை 23 அன்று நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் கமடோர் நிறுவனம் அமிகா என்ற கணினியை அறிமுகப்படுத்தியது. ஓவியர் ஆண்டி வார்ஹோல் மேடையேறி, பாடகி டெபி ஹாரியின் முகத்தைப் படம் பிடித்துத் திரையிலேயே வண்ணம் அடித்துக் காட்டினார். கூட்டம் படத்தைப் பார்த்தது. நமக்கு வேண்டியது பெட்டிக்குள் இருந்த ஒரு சிப். பவுலா என்று பெயர். கிளென் கெல்லர் வடிவமைத்தது. ஃப்ளாப்பி டிரைவையும் சீரியல் போர்ட்டையும் மேய்ப்பதும் அதன் வேலைதான். ஒலி அதற்கிருந்த பல வேலைகளில் ஒன்று.

ஆனால் அந்த ஒரு வேலையை அது செய்த விதம் புதிது. அதற்கு முந்தைய வீட்டுக் கணினிகளின் ஒலிச் சிப்கள் தாமாகவே பீப், ரீங்காரம், இரைச்சல் என்று சில அலைகளை உண்டாக்கும். பவுலா எதையும் உண்டாக்காது. நினைவகத்தில் ஒரு ஒலித்துணுக்கை வைத்து, ‘இங்கே தொடங்கு, இவ்வளவு நீளம், இந்த வேகம்’ என்று சொன்னால் அதை அப்படியே வாசிக்கும். அந்தத் துணுக்கு வயலினாக இருக்கலாம், நாய் குரைப்பாக இருக்கலாம், அதற்குக் கவலையில்லை. 8 பிட் ஒலி, நான்கு சேனல், ஒவ்வொன்றுக்கும் 64 படி ஒலியளவு. இரண்டு சேனல் இடது ஸ்பீக்கருக்கு, இரண்டு வலதுக்கு. நடுவே எதுவும் கிடையாது. இத்தனையும் மையச் செயலியைத் தொந்தரவு செய்யாமல் நடக்கும் என்பதுதான் விசேஷம். செயலி படத்தைப் பார்த்துக்கொள்ளும், பாட்டு தன் பாட்டுக்கு ஓடும்.

1987-இல் அமிகா 500 வந்தது. 512 கிலோபைட் நினைவகம். ஜெர்மனி, பிரிட்டன், ஸ்வீடன், நார்வே, பின்லாந்து என்று ஐரோப்பிய வீடுகளுக்குள் அது நுழைந்த வருடத்திலேயே, கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்ற ஜெர்மானியர் ‘அல்டிமேட் சவுண்ட்ட்ராக்கர்’ என்ற மென்பொருளை வெளியிட்டார். ‘அமேகாஸ்’ என்ற விளையாட்டுக்கு அவர் இசை செய்ய வேண்டியிருந்தது. அதற்காகத் தனக்கென எழுதிக்கொண்ட கருவிதான் அது. இன்று இந்த வகை மென்பொருள் அத்தனைக்கும் ட்ராக்கர் என்று பெயர் வந்தது அந்த ஒன்றிலிருந்து. அதற்கு ஒரு முன்னோடி உண்டு: கிறிஸ் ஹூல்ஸ்பெக் 1986-இல் கமடோர் 64-க்காக எழுதி, ஜெர்மன் கணினி இதழ் ஒன்றில் அச்சாகி வந்த சவுண்ட்மானிட்டர். ஆனால் ஒலித்துணுக்கும் கட்டமும் ஒன்றுசேர்ந்த உருவம் ஒபார்ஸ்கியுடையது.

அப்போது அமிகாவில் இசையமைக்க வேறு மென்பொருள் இல்லாமல் இல்லை. ‘டீலக்ஸ் மியூசிக் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்’ இருந்தது, ‘ஏஜிஸ் சோனிக்ஸ்’ இருந்தது. இரண்டும் மேற்கத்திய இசைத்தாள் போல ஐந்து கோடு போட்டு, புள்ளி வைக்கச் சொல்லும். பார்க்க அழகு, முறைப்படி சங்கீதம் படித்தவருக்குச் சௌகரியம். ஒபார்ஸ்கியின் திரையில் கோடும் கிடையாது, புள்ளியும் கிடையாது. நான்கு பத்தி, 64 வரி, எங்கு பார்த்தாலும் எழுத்தும் எண்ணும். நம் சங்கீதப் புத்தகங்களில் கீர்த்தனையை ஆதி தாளத்தின் எட்டு அட்சரக் கட்டங்களில் ஸ்வரம் ஸ்வரமாகப் பிரித்து அச்சடித்திருப்பார்களே, அதை நட்டுக்குத்தாக நிறுத்தி, நான்கு வித்வான்களுக்குப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஒரு ட்ராக்கர் பக்கம் கிடைத்துவிடும். பாட்டு ஓடும்போது வரிகள் கீழிருந்து மேலே நகரும். நடுவில் இருக்கும் பட்டையைத் தொடும் வரி ஒலிக்கும்.

அப்படி ஒரு கட்டத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். அதில் இப்படி எழுதியிருக்கிறது: சி-3 1047. முதலில் இருப்பது சுருதி, மூன்றாவது ஸ்தாயி சி. அடுத்த 1, எந்த ஒலித்துணுக்கு என்பது. மிச்சமிருக்கும் 047 ஒரு கட்டளை. 0 என்றால் அர்பெஜியோ: எழுதிய ஸ்வரம், அதிலிருந்து நான்கு கட்டை மேலே, ஏழு கட்டை மேலே என்று மூன்றையும் மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி வாசி. ஸட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம். காதுக்கு அது மூன்று ஸ்வரம் சேர்ந்த மேஜர் கார்டாகக் கேட்கும், கொஞ்சம் நடுக்கத்தோடு. 047-க்குப் பதில் 037 போட்டால் சாதாரண காந்தாரம் வந்து, பாட்டு சட்டென்று சோகமாகிவிடும். மூன்று ஸ்வரத்தை ஒரே சேனலில் அடைக்கிற இந்தச் சூட்சுமம் இல்லாவிட்டால் கார்டுக்கு மூன்று சேனல் போய், தாளத்துக்கு ஒன்றுதான் மிஞ்சும். மெலடி எங்கே போவது?

அந்த மின்னல் வேகம் எவ்வளவு என்பதில் ஒரு சுவாரசியம். அமிகா தன் நேரத்தைத் தொலைக்காட்சித் திரையிலிருந்து எடுத்துக்கொண்டது. ஐரோப்பாவில் திரை நொடிக்கு 50 முறை புதுப்பிக்கப்படும். ஆறு துடிப்புக்கு ஒரு வரி என்பது ட்ராக்கரின் பழக்கமான வேகம். அப்படியானால் வரிக்கு 0.12 நொடி, நான்கு வரி ஓர் அடி என்றால் 0.48 நொடி. நிமிடத்துக்கு 125 அடி. இன்றைக்கும் பல ட்ராக்கர்களைத் திறந்தவுடன் வேகம் 125 என்று நிற்பதற்கு எந்த இசைக் காரணமும் இல்லை, ஐரோப்பியத் தொலைக்காட்சிதான் காரணம். அதே பாட்டை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் அமெரிக்கத் திரையோடு இணைந்த அமிகாவில் அந்த நாள் முறைப்படி ஓடவிட்டால் 150 அடியில் ஓட்டமெடுக்கும். பின்னால் வந்தவை தனி டைமரைப் பயன்படுத்தி இதைச் சரிசெய்தன.

சவுண்ட்ட்ராக்கர் கடையில் போணியாகவில்லை. ஆனால் அது போய்ச் சேர வேண்டியவர்களிடம் போய்ச் சேர்ந்தது. விளையாட்டுகளின் பூட்டை உடைத்து, தங்கள் பெயரை ஓடவிட்டுப் பரப்பும் கிராக்கர் குழுக்கள் அப்போது ஐரோப்பா முழுக்க இருந்தன. பூட்டை உடைத்த பெருமையைப் பறைசாற்ற ஒரு நிமிடக் காட்சி, அதற்கு ஒரு பாட்டு. அவர்களுக்கு ஒபார்ஸ்கியின் நிரல் அல்வாத் துண்டாகக் கிடைத்தது. பிரித்துப் போட்டு, திருத்தி, தங்கள் பெயரில் வெளியிட்டார்கள். 1988-இல் ‘ஜங்கிள் கமாண்ட்’ குழுவின் பதிப்பு, டி.ஓ.சி. குழுவின் பதிப்பு என்று வரிசையாக வந்தன. 1989-இல் ஸ்வீடனைச் சேர்ந்த மஹோனி, காக்டஸ் என்ற இருவர் நாய்ஸ்ட்ராக்கரைக் கொண்டுவந்தார்கள். 1990-இல் நார்வேயிலிருந்து லார்ஸ் ஹாம்ரேயும் நண்பர்களும் புரோட்ராக்கரைக் கொண்டுவந்தார்கள். 15 துணுக்கு வைக்கலாம் என்றிருந்தது 31 ஆனது. திருட்டுப் பரம்பரைதான், மறைப்பதற்கில்லை. ஆனால் அந்தத் திருட்டு நடக்காமலிருந்தால் ஒபார்ஸ்கியின் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது என்பதும் உண்மை.

இங்கேதான் தேர்வு என்ற பேச்சு முதலில் எழுகிறது. ஒரே தாயின் பிள்ளைகள் போல இத்தனை ட்ராக்கர். எதை எடுப்பது? வசதிகளின் பட்டியலைப் பார்த்து யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை. கோப்பு யாருடையதோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தார்கள். மாட் என்று அழைக்கப்பட்ட அந்தக் கோப்பின் உடலமைப்பு எளிமையானது. முதல் 20 பைட்டில் பாட்டின் பெயர். பிறகு ஒவ்வொரு துணுக்குக்கும் 30 பைட் வீதம் 31 துணுக்கின் விவரம். பாட்டின் நீளமும் பகுதிகளின் வரிசையும். 1080-ஆவது பைட்டில் ‘எம்.கே.’ என்று ஒரு முத்திரை. அதன்பின் 64 வரிப் பக்கங்களான பேட்டர்ன்கள், ஒவ்வொன்றும் 1024 பைட், கடைசியில் ஒலித்துணுக்குகள். ஒரு மதியத்தில் உட்கார்ந்து இதை வாசிக்கும் நிரலை எழுதிவிடலாம். எழுதினார்கள். ட்ராக்கரோடு அந்த வாசிக்கும் நிரலும் அசெம்பிளி மொழியில் கைமாறியது. விளையாட்டு எழுதுகிறவன் அதைத் தன் நிரலில் ஒட்டிக்கொண்டால் போதும், இசை தயார். ஐந்து கோட்டு மென்பொருள்கள் தோற்ற இடம் இது என்று நினைக்கிறேன். அவற்றில் அமைத்த பாட்டு அந்த மென்பொருளுக்குள்ளேயே அழகாகக் கிடந்தது. ட்ராக்கர் பாட்டுக்கு வெளியே போக வழி இருந்தது.

புரோட்ராக்கர் வென்றது அப்படித்தான். துணுக்கை வெட்டித் திருத்தும் பகுதி உள்ளேயே இருந்தது, கோப்பு எல்லா இடத்திலும் ஓடியது. நான்கு சேனல் போதாது என்றவர்கள் வேறு பக்கம் போனார்கள். 1989-இல் ஆர்மின் சாண்டரின் ஆக்டலைசர் மென்பொருள் மூலமாகவே இரண்டிரண்டு ஒலிகளைக் கலந்து எட்டு சேனல் காட்டியது. ஒலித்தரம் குறையும், செயலி மூச்சுவாங்கும், ஆனால் எட்டு எட்டுதான். பின்லாந்தின் டெய்யோ கின்னுனன் எழுதிய ஆக்டாமெட் அதே எட்டோடு மிடி இணைப்பையும் தந்தது. வெளியே இருக்கும் சிந்தசைசரை அமிகாவே ஓட்டும். பிரிட்டனில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுந்த ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் இசையில் ஆக்டாமெட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. வின்ஸ்டன்ஸ் குழு 1969-இல் பதிந்த ‘ஆமென், பிரதர்’ பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த சில நொடி டிரம்ஸை எடுத்து, துண்டு துண்டாக நறுக்கி, வரிக்கு ஒரு துண்டாக இஷ்டத்துக்கு அடுக்குவார்கள். துணுக்கின் நடுவிலிருந்து தொடங்கு என்று சொல்லும் கட்டளை இதற்கென்றே செய்தது போல அமைந்தது. அஃப்ரோடைட் என்ற பெயரில் இயங்கிய இசைஞர் இரண்டு அமிகாக்களைப் பக்கத்தில் வைத்து வேலை செய்தார். கால்வின் ஹாரிஸ் 2007-இல் வெளியிட்ட தன் முதல் ஆல்பத்தைக்கூட அமிகாவும் ஆக்டாமெட்டும் வைத்துத்தான் செய்தார். அமிகா செத்து ஒரு மாமாங்கம் கழிந்த பிறகு!

நான்கு சேனலோடு நின்றவர்கள் செய்த கைவேலைகளைச் சொல்லாமல் போக மனமில்லை. டிரம்மும் பேஸும் ஒரே கணத்தில் விழுவது போலக் கேட்கும். பத்தியைப் பார்த்தால் இரண்டும் ஒரே சேனலில் அடுத்தடுத்த வரியில் இருக்கும், டிரம் முடியுமுன் பேஸ் அதை வெட்டிவிட்டு நுழையும். எதிரொலி வேண்டுமா? அதே மெலடியைப் பக்கத்துச் சேனலில் மூன்று வரி தள்ளி, ஒலியளவைக் குறைத்து மறுபடி எழுதினால் ஆயிற்று. ஒலியளவுக்கு சி என்ற கட்டளை. முழு அளவான 64-ஐ பதினாறின் அடிமானத்தில் 40 என்று எழுத வேண்டும். சில மாதத்தில் இந்தப் பிள்ளைகளுக்குப் பத்தின் அடிமானம் மறந்து பதினாறு கைவந்துவிடும். மூன்றாம் ஸ்தாயி சி-யில் ஒலிக்கும் துணுக்கு நொடிக்குச் சுமார் 16 கிலோபைட் தின்னும். ஆகவே வயலினின் தொடக்கத்தைக் கால் நொடி வைத்துக்கொண்டு, மீதியை ஒரு சின்னஞ்சிறு அலையை வளையமாகச் சுற்றவிட்டு நீட்டுவார்கள். வளையத்தின் இரு முனையும் பொருந்தாவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த ‘டிக்’கை ஒழிக்க ராத்திரி முழுக்க முனையை ஒரு பைட் இப்படி, ஒரு பைட் அப்படி என்று நகர்த்துகிற பொறுமையை எந்த இசைக் கல்லூரியும் கற்றுத்தராது.

31 துணுக்குக்கும் பெயர் எழுத 22 எழுத்து இடம் இருந்தது. துணுக்குக்குப் பெயர் எதற்கு? அந்த இடத்தில் கடிதம் எழுதினார்கள். நண்பர்களுக்கு வணக்கம், விரோதிக் குழுவுக்கு வசவு, ‘இந்த டிரம்ஸை எடுத்தால் என் பெயரைப் போடு’ என்ற வேண்டுகோள். எடுத்துத்தான் கொண்டார்கள். ட்ராக்கர் கோப்பில் எதையும் ஒளிக்க முடியாது. கேட்கிறவன் அதே ட்ராக்கரில் திறந்தால் ஒவ்வொரு ஸ்வரமும் ஒவ்வொரு கட்டளையும் ஒவ்வொரு துணுக்கும் கண்ணுக்கு முன்னால் ஓடும். இசைத்தட்டிலோ ஒலிநாடாவிலோ இது கிடையாது. ட்ராக்கர் பழகியவர்கள் பெரும்பாலும் குரு இல்லாமல் பழகினார்கள் என்பதற்கு விளக்கம் இதுதான். பிடித்த பாட்டைத் திற, அந்த இடம் எப்படி நடுங்குகிறது என்று பார், உன் பாட்டில் அதையே போடு. எனவே ட்ராக்கரைத் தேர்ந்தெடுப்பது என்பது யாருடைய கோப்புகளைத் திறந்து படிக்கப்போகிறாய் என்பதையும் தேர்ந்தெடுப்பதாக இருந்தது. ஒரு பையன் புரோட்ராக்கருக்கு வந்தது அவன் மதித்த ஆள் புரோட்ராக்கரில் இருந்ததால்.

தொண்ணூறுகளில் அமிகா தள்ளாட, பிசி முன்னுக்கு வந்தது. அங்கே நிலைமை வேறு. பவுலாவைப் போல நான்கு ஒலியைத் தானே கலக்கும் சிப் பிசியில் இல்லை. 1989-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டை ஒரே ஓர் ஒலியோடையைத்தான் வாங்கி வாசிக்கும்; எத்தனை சேனலானாலும் கலந்து கொடுப்பது மையச் செயலியின் தலைவலி. செயலி வேகமாக ஆக ஆக, இந்தக் குறையே வரமாயிற்று: சிப் எதுவும் ‘நான்குதான்’ என்று தடுக்கவில்லை. 1992-இல் கிரேவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற அட்டை வந்தது. தன்னிடமே நினைவகம் வைத்துக்கொண்டு 32 ஒலியைத் தானே கலந்தது. ஒரு சிக்கல் உண்டு. 14 ஒலி வரைக்கும்தான் சிடி தரத்துக்கு இணையான 44.1 கிலோஹெர்ட்ஸ்; 32-க்கும் போனால் 19.2-க்கு இறங்கிவிடும். அல்ட்ராசவுண்ட் வைத்திருந்தவர்கள் இதை வெளியே அதிகம் சொல்லிக்கொள்ளவில்லை.

டெமோ என்ற, படமும் இசையும் சேர்ந்த கணினிக் காட்சிகளைச் செய்த பின்லாந்தின் ஃபியூச்சர் க்ரூ குழுவில் சாமி தம்மிலேஹ்தோ எழுதிய ஸ்க்ரீம் ட்ராக்கர் பிசி ட்ராக்கர்களில் முதலில் ஆட்சி செய்தது. 1993-இல் பின்லாந்தின் கெரவா நகரில் நடந்த அசெம்பிளி விழாவில் அக்குழுவின் ‘செகண்ட் ரியாலிட்டி’ முதல் பரிசு வாங்கியது. அதன் இசையை பர்ப்பிள் மோஷன், ஸ்கேவன் என்ற புனைபெயர்க்காரர்கள் இருவர் ஸ்க்ரீம் ட்ராக்கர் 3-இல் செய்திருந்தார்கள். பிசி என்றால் கணக்கு எழுதும் பெட்டி என்று அமிகாக்காரர்கள் கேலி செய்துகொண்டிருந்த காலம்; அந்த ஒரு டெமோ வாயை அடைத்தது. ஸ்க்ரீம் ட்ராக்கர் 3 அடுத்த வருடம் பொதுவெளிக்கு வந்தது.

இனிதான் மகாபாரதம். 1994 நவம்பரில் ஸ்வீடனின் ட்ரைட்டன் குழுவிலிருந்து ஃப்ரெட்ரிக் ஹஸ், மாக்னுஸ் ஹோக்டால் இருவரும் ஃபாஸ்ட்ட்ராக்கர் 2-ஐ வெளியிட்டார்கள். 1995-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஜெஃப்ரி லிம் தனியாளாக இம்பல்ஸ் ட்ராக்கரை வெளியிட்டார். டெமோ உலகமே இரண்டாகப் பிரிந்தது. எந்தப் பக்கம் என்று கேட்காமல் ஓர் இசைஞனை அறிமுகம் செய்துகொள்ள முடியாத நிலை.

ஃபாஸ்ட்ட்ராக்கர் படம் போட்ட திரை, மவுஸில் எல்லாம் நடக்கும். ஒலி எப்படி எழுந்து எப்படி அடங்க வேண்டும் என்பதைக் கோடாக வரைந்து காட்டலாம். ஒரு வாத்தியத்துக்கு 16 துணுக்கு வரை வைத்துக் கட்டைகளுக்குப் பங்கு பிரிக்கலாம். பியானோவின் கீழ்க்கட்டைக்கு ஒன்று, மேல்கட்டைக்கு ஒன்று. அலையையே மவுஸால் வரையலாம். சலிப்புத் தட்டினால் உள்ளேயே ஒரு பாம்பு விளையாட்டு இருந்தது. இம்பல்ஸ் ட்ராக்கர் ஸ்க்ரீம் ட்ராக்கரின் வாரிசு போல எழுத்துத் திரையோடு வந்தது. மவுஸ் தேவையேயில்லை. எஃப்2 அழுத்தினால் பேட்டர்ன், எஃப்3 துணுக்குகள், எஃப்4 வாத்தியங்கள், எஃப்5 பாட்டு ஓடும், எஃப்8 நிற்கும். பார்த்தால் வங்கிக் கணக்கர் திரை. பழகியவர் கையைப் பார்த்தால் வேறு கதை. விரல் விசைப்பலகையை விட்டு எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

உள்ளே ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. ஃபாஸ்ட்ட்ராக்கரில் ஒரு சேனலில் ஒரு ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போது அடுத்த ஸ்வரம் வந்தால் முன்னது அங்கேயே அறுந்துவிடும். அமிகா காலத்துப் பழக்கம். பியானோவில் பெடலை மிதித்தது போல ஒன்றின் மேல் ஒன்று கரைய வேண்டுமானால் இரண்டு மூன்று சேனலை எடுத்து, ஸ்வரங்களை மாற்றி மாற்றிப் பந்தி பரிமாறுவது போல விநியோகிக்க வேண்டும். ஜெஃப்ரி லிம் இதை வேரோடு தீர்த்தார். வாத்தியத்திலேயே ஒரு தெரிவு: புது ஸ்வரம் வந்தால் பழையதை வெட்டவா, தொடரவிடவா, விடுவிக்கவா, மெதுவாகத் தேய்க்கவா? தொடர் என்றாலோ தேய் என்றாலோ பழைய ஸ்வரம் கண்ணுக்குத் தெரியாத பின்னணிச் சேனல் ஒன்றுக்குப் போய் அங்கே தன் ஆயுளை முடித்துக்கொள்ளும். ஒரே பத்தியில் ஒரு முழு பியானோ. 64 சேனல் வேறு. என் தராசில் தட்டு இம்பல்ஸ் ட்ராக்கர் பக்கம்தான் சாய்கிறது, இந்த ஒரு வசதிக்காகவே.

ஆனாலும் ஃபாஸ்ட்ட்ராக்கர்காரர்கள் கட்சி மாறவில்லை, மாறவும் தேவையிருக்கவில்லை. காரணம் விரல். ஒரு கருவியில் ஆயிரம் மணி நேரம் உட்கார்ந்தவனுக்கு எந்த விசை எங்கே என்ற நினைவு தலையில் இருப்பதில்லை, விரல் நுனிக்குப் போய்விட்டிருக்கும். ஸ்பேஸ் அழுத்தினால் திருத்தும் நிலை, வலது கண்ட்ரோல் அழுத்தினால் பாட்டு என்று பழகிய கையை எஃப்5-க்குக் கொண்டுபோவது, தவில்காரரை மிருதங்கத்துக்கு மாறச் சொல்வது மாதிரி. நடைமுறைக் காரணங்களும் உண்டு. அட்டை சவுண்ட் பிளாஸ்டரா அல்ட்ராசவுண்டா என்பதைப் பொறுத்து ஒன்று நன்றாக ஓடும், மற்றது முரண்டு பிடிக்கும். ஊரில் முதலில் கற்ற நண்பன் எதை ஃப்ளாப்பியில் போட்டுத் தந்தானோ அதுவே மற்றவர்களுக்கும். ஸ்காண்டிநேவியப் பாட்டுகளில் ஆசை வைத்தவன் அவை எந்த வடிவத்தில் கிடைத்தனவோ அந்தப் பக்கம் போனான். வசதிப் பட்டியலை வைத்து நடந்த வாதங்கள் எல்லாம் முடிவெடுத்த பிறகு அதை நியாயப்படுத்த நடந்தவை.

இம்பல்ஸ் ட்ராக்கரின் முடிவு வருத்தமானது. மென்பொருளை இலவசமாகவே தந்தார் லிம். பாட்டை ஸ்டீரியோ அலைக்கோப்பாக எழுதித் தரும் ஒரு சிறு துணை நிரலுக்கு மட்டும் பணம் கேட்டார். அதையும் யாரோ வெளியே பரப்பிவிட்டார்கள். ஊக்கம் போய், பணியை நிறுத்திக்கொள்வதாக அறிவித்துவிட்டார். கிராக்கர்களிடமிருந்து பிறந்த ஒரு கலை தன் சிறந்த கருவியைத் திருட்டுக்கே பலிகொடுத்தது. 2014-இல் மூலநிரலை அவரே எல்லோருக்கும் திறந்துவிட்டார். அத்தனையும் அசெம்பிளி; படித்துப் பார்ப்பவர்களுக்கு மலைப்பு தட்டும்.

சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே ட்ராக்கர் இசையை விளையாட்டு நிறுவனங்கள் கவனித்தன. 1998-இல் வெளிவந்த ‘அன்ரியல்’ விளையாட்டு, 2000-இல் வெளிவந்த ‘டியூஸ் எக்ஸ்’ இரண்டிலும் அலெக்சாண்டர் பிராண்டனும் மிகீல் வான் டென் போஸும் பங்கெடுத்த இசை ட்ராக்கர் இசையே. சிறிய கோப்பு என்பது ஒரு சௌகரியம். இன்னொன்று அதைவிடப் பெரிது. ட்ராக்கர் பாட்டு பேட்டர்ன்களின் வரிசை என்பதால் விளையாட்டு நினைத்த நேரத்தில் வேறு பேட்டர்னுக்குத் தாவலாம். டியூஸ் எக்ஸில் நடந்துபோனால் ஒரு பகுதி, யாரிடமாவது பேசினால் ஒரு பகுதி, துப்பாக்கிச் சண்டை வந்தால் வேறு பகுதி. எல்லாம் ஒரே கோப்புக்குள். பதிந்து வைத்த ஒலியில் அந்த நாளில் இதை இவ்வளவு சுளுவாகச் செய்ய முடியாது. அமிகாவில் டெமோ இசை செய்து கை தேர்ந்த டென்மார்க்கின் யெஸ்பர் கீட் பிறகு ‘ஹிட்மேன்’, ‘அசாசின்ஸ் க்ரீட்’ விளையாட்டுகளுக்கு இசையமைத்தார்.

வீழ்ச்சி சீக்கிரமே வந்தது. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 14.4 கிலோபிட் மோடத்தில் 200 கிலோபைட் ட்ராக்கர் பாட்டு இரண்டு நிமிடத்தில் வந்து சேரும். மூன்று நிமிட சிடி ஒலிக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். அந்த வித்தியாசத்தில்தான் ட்ராக்கர் இசை உலகம் சுற்றியது. எம்பி3 பரவியதும் வித்தியாசம் மெலிந்தது. 1996-இல் ஸ்டைன்பர்க் நிறுவனம் விஎஸ்டி என்ற முறையைக் கொண்டுவந்து, எதிரொலிக் கருவி, ஃபில்டர் என்று எல்லாவற்றையும் கணினிக்குள் சொருகவைத்தது. டாஸில் அட்டையோடு நேரடியாகப் பேசிப் பழகிய இம்பல்ஸும் ஃபாஸ்ட்ட்ராக்கரும் புது விண்டோஸில் வாயடைத்து நின்றன.

மிஞ்சியவர்களுக்குத் தேர்வு மறுபடி முளைத்தது. ஒலிவியே லாபிக் 1997-இல் எழுதிய மாட்பிளக் ட்ராக்கர் விண்டோஸுக்கென்றே வந்தது. இன்று ஓப்பன்எம்பிடி என்ற பெயரில் பலர் கூடிப் பராமரிக்கிறார்கள். பின்லாந்தின் ஒஸ்கரி தம்மெலின் எழுதிய பஸ், ட்ராக்கர் கட்டத்தையும் கம்பி இணைத்து மாட்டும் சிந்தசைசர்களையும் ஒன்றாக்கி ஒரு தலைமுறையையே கட்டிப்போட்டது. 2000 அக்டோபரில் அதன் மூலநிரல் தொலைந்துபோயிற்று. நகல் இல்லை. ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்திக்கொண்டிருந்த மென்பொருள் அப்படியே உறைந்தது. தம்மெலின் பல வருடம் கழித்து அதை அடியிலிருந்து மறுபடி எழுதினார். ஸ்பெயினின் ஹுவான் அந்தோனியோ அர்குவெயஸ், அர்குரு என்ற புனைபெயரில் எழுதிய நாய்ஸ்ட்ரெக்கரிலிருந்து 2002-இல் ரெனாய்ஸ் பிறந்தது. பழைய கட்டம் அப்படியே. ஆனால் விஎஸ்டி கருவிகள் உள்ளே. அர்குரு 2007-இல் கார் விபத்தில் இறந்தார். ரெனாய்ஸ் இன்றும் வளர்கிறது.

இதைப் படித்துவிட்டு ஒரு ட்ராக்கரை இறக்கிப் பார்க்க யாருக்காவது தோன்றினால், என் யோசனை: முதலில் பாட்டு, பிறகு மென்பொருள். தி மாட் ஆர்கைவ் என்று 1996 முதல் இருக்கும் காப்பகத்திலிருந்து பத்துப் பதினைந்து கோப்புகளை இறக்கி, ஓப்பன்எம்பிடியில் திறந்து கேளுங்கள். அது ஏறக்குறைய எல்லா வடிவத்தையும் படிக்கும். மனம் ஃபாஸ்ட்ட்ராக்கர் பாட்டுகளில் போய் நின்றால் மில்கிட்ராக்கர் பழைய திரையை அப்படியே தரும். இம்பல்ஸ் பக்கம் சாய்ந்தால் ஷிஸம் ட்ராக்கர், அதே எஃப் விசைகளோடு. இரண்டும் காசில்லை. ஏற்கெனவே விஎஸ்டி வாத்தியங்கள் வைத்திருப்பவர் மட்டும் ரெனாய்ஸுக்குக் காசு கொடுக்கலாம். கைப்பேசியில்தான் என்றால் ரஷ்யாவின் அலெக்சாண்டர் ஸோலடோவ் எழுதிய சன்வாக்ஸ். தொடங்கும்போது சேனலை நான்கோடு நிறுத்திக்கொண்டால் கை சீக்கிரம் பழகும் என்பது என் கட்சி. 64 சேனலைக் கண்டு திகைத்து மூடிவைத்தவர்கள் அதிகம்.

கணினியையே விட்டுவிட்டு, சட்டைப்பைக்குள் அடங்கும் நிண்டெண்டோ கேம்பாயில் ட்ராக்கர் எழுதிய ஒருவரும் இருக்கிறார். ஸ்வீடனின் யோஹான் கோட்லின்ஸ்கி. நான்கு சேனல், எட்டுப் பொத்தான், தீப்பெட்டி அளவுத் திரை. அவர் கதை அடுத்த இதழில்.